கோப்புகளை மூடும் அதிகாரம்

2018 அக்டோபர் 29 அன்று ஜகார்த்தாவிலிருந்து கிளம்பிய லயன் ஏர் விமானம் ஜாவா கடலில் விழுந்தது. அதில் இருந்த 189 பேரும் இறந்தார்கள். அந்தக் குடும்பங்களில் சில, போயிங் நிறுவனத்தின் மீது வழக்குப் போடுவதற்காக லாஸ் ஏஞ்சலஸில் பேர்பெற்ற வழக்கறிஞரான டாம் ஜிரார்டியிடம் போயின. போயிங் சமரசத்துக்கு வந்து பணத்தைக் கொடுத்தும்விட்டது. அந்தப் பணம் வழக்கறிஞரின் கணக்கு வரை வந்தது, அதற்கு மேல் முழுதாகப் போய்ச் சேரவில்லை. 2020 டிசம்பரில் சிகாகோவில் மத்திய நீதிமன்ற நீதிபதி ஒருவர் விசாரித்தபோது, குறைந்தது 20 லட்சம் டாலர் எங்கே போனது என்பதற்குப் பதில் கிடைக்கவில்லை. ஜிரார்டி நீதிமன்ற அவமதிப்பு செய்ததாக அறிவித்து, அவருடைய சொத்துகளை நீதிபதி முடக்கினார்.

ஜிரார்டி சாதாரண ஆள் அல்ல. கலிஃபோர்னியாவின் ஹிங்க்லி என்ற சிற்றூரில் நிலத்தடி நீரைக் கெடுத்த மின்சார நிறுவனத்திடமிருந்து 1996ல் 33.3 கோடி டாலர் இழப்பீடு வாங்கித் தந்த வழக்கறிஞர்களில் ஒருவர். எரின் ப்ரோக்கோவிச் என்ற சட்ட அலுவலக ஊழியரின் பெயரை உலகமெங்கும் கொண்டுபோன வழக்கு அது. பெரிய நிறுவனங்களோடு மோதிச் சாமானியர்களுக்குப் பணம் வாங்கித் தருகிறவர் என்ற பெயர் அவருக்குப் பல ஆண்டுகள் இருந்தது.

இதற்கடுத்து வந்த செய்திதான் என்னை இந்தக் கட்டுரைக்குக் கொண்டுவந்தது. அவருக்கு உரிமம் கொடுத்த அமைப்பான ஸ்டேட் பார் ஆஃப் கலிஃபோர்னியா, 2022 நவம்பரில் ஒரு கணக்கை வெளியிட்டது. நாற்பது ஆண்டுகளில் ஜிரார்டி மீது திறக்கப்பட்ட ஒழுங்குக் கோப்புகள் 205. அவற்றில் 120க்கும் மேற்பட்டவை கட்சிக்காரர் பணத்தைக் கையாண்ட விதம் பற்றியவை. முதல் கோப்பு 1982ஆம் ஆண்டினுடையது. சில புகார்கள் 2020ல் அவர் சரிந்த பிறகு வந்தவை, அது உண்மை. ஆனால் அதற்கு முன் வந்தவையே எந்த அலுவலகத்தையும் உலுக்கியிருக்க வேண்டிய அளவுக்கு இருந்தன. அப்படியிருந்தும், பொதுமக்கள் யாராவது அவர் பெயரைத் தேடிப் பார்த்திருந்தால் களங்கமில்லாத ஒரு பதிவேடுதான் கண்ணில் பட்டிருக்கும்.

அந்த 205 கோப்புகளும் எந்த மேசைக்குப் போயின? அவற்றை மூடலாம் என்று சொன்னது யார்?

அமெரிக்காவில் மருத்துவர், பல் மருத்துவர், கணக்காளர், வழக்கறிஞர் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் உரிமம் தரும் அமைப்பு மாநில அளவில் உண்டு. உரிமம் கொடுப்பது அதன் வேலையில் பாதிதான். கொடுத்த உரிமத்தை யார் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்து, தேவையானால் பறிக்க நடவடிக்கை எடுப்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதிக்குத் தலைமை தாங்க மூத்த வழக்கறிஞர் ஒருவர் இருப்பார். பெயர் இடத்துக்கு இடம் மாறும், வேலை ஏறக்குறைய ஒன்றுதான். கலிஃபோர்னியாவில் வழக்கறிஞர்களுக்கான அந்தப் பதவிக்குச் சீஃப் ட்ரயல் கவுன்சல் என்று பெயர். தமிழில் தலைமை ஒழுங்கு வழக்கறிஞர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் உரிமம் வைத்திருக்கும் மாநிலம் அது. ஆண்டுக்குப் பதினைந்தாயிரத்துக்கும் மேல் புகார்கள் வருகின்றன.

ஒரு புகார் போகும் பாதை இது. முதலில் வடிகட்டும் பிரிவு. அங்கேயே பெரும்பாலானவை நின்றுவிடும். தாண்டி வந்தால் விசாரணை. அதிலும் தேறினால் குற்றச்சாட்டுகளை எழுதி ஸ்டேட் பார் கோர்ட் என்ற தனி நீதிமன்றத்தில் தாக்கல் செய்வார்கள். அங்கே ஒரு நீதிபதி விசாரித்துத் தீர்ப்பு சொல்வார், அதன்மேல் மூவர் அமர்வில் மேல்முறையீடு உண்டு. கடைசியில் உரிமத்தைப் பறிக்கவோ நிறுத்திவைக்கவோ ஆணையிடும் அதிகாரம் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே. இவ்வளவு படிகளில் முதல் இரண்டு படிகள் முழுக்க இந்தத் தலைமை ஒழுங்கு வழக்கறிஞரின் ஆட்சிக்குட்பட்டவை. அவர் தாக்கல் செய்யாத வழக்கை எந்த நீதிபதியும் எடுத்து விசாரிக்க முடியாது.

தாக்கல் செய்த வழக்கு வெளியே தெரியும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். தாக்கல் செய்யாமல் மூடியது அப்படியல்ல. விசாரணை நிலையில் இருப்பதெல்லாம் சட்டப்படி ரகசியம். பொய்ப் புகாரால் நல்ல வழக்கறிஞர் ஒருவரின் பெயர் கெடக்கூடாது என்பதற்காக வைத்த விதி அது, அதில் நியாயமும் இருக்கிறது. மக்களைக் காக்க அவசியம் என்று தோன்றினால் அந்த ரகசியத்தை விலக்கவும் சட்டம் வழி தருகிறது. அப்படி விலக்கக்கூடியவர்கள் இரண்டே பேர்: ஸ்டேட் பாரை நடத்தும் ஆட்சிக்குழுவின் தலைவர், இல்லாவிட்டால் இதே தலைமை ஒழுங்கு வழக்கறிஞர். ஆக, கோப்பைத் திறப்பதும் மூடுவதும், மூடியதை வெளியில் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் ஏறக்குறைய ஒரே கையில் இருக்கின்றன.

இவ்வளவு அதிகாரத்தைக் கட்டிப்போட கலிஃபோர்னியா சட்டமன்றம் யோசித்துத்தான் சில ஏற்பாடுகளைச் செய்தது. 1980களின் நடுவில் தேங்கிக் கிடந்த புகார்கள் பெரிய விவகாரமாகப் பேசப்பட்டன. அப்போது வழக்கறிஞர்களே தொண்டாக நேரம் ஒதுக்கி, சக வழக்கறிஞர்களின் வழக்குகளை விசாரித்து வந்தார்கள். சான் டியாகோ பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ராபர்ட் ஃபெல்மெத் 1987ல் வெளிக் கண்காணிப்பாளராக நியமிக்கப்பட்டார். 1988ல் வந்த சீர்திருத்தச் சட்டத்தின்படி, முழுநேரச் சம்பளம் வாங்கும் நீதிபதிகளைக் கொண்ட ஸ்டேட் பார் கோர்ட் 1989ல் செயல்படத் தொடங்கியது.

தலைமை ஒழுங்கு வழக்கறிஞர் பதவிக்கும் சட்டம் தனிப் பிரிவு வைத்திருக்கிறது. பதவிக்காலம் நான்கு ஆண்டு, திரும்பவும் நியமிக்கலாம். ஆட்சிக்குழு நியமித்தால் மட்டும் போதாது, மாநில செனட் ஒப்புதல் தர வேண்டும். குறைந்தது ஐந்தாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும், அரசுத் தரப்பில் வழக்கு நடத்தியோ அதற்கு இணையான வேலையிலோ இரண்டாண்டு அனுபவம் வேண்டும், பல வழக்கறிஞர்கள் கொண்ட குழுவை நடத்திய இரண்டாண்டு அனுபவமும் வேண்டும். இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு வரி. அவர் ஆட்சிக்குழுவின் ஒழுங்குக் குழுவுக்கு மட்டுமே பதில் சொல்வார், அமைப்பின் தலைமை நிர்வாகியின் உத்தரவுக்குக் கட்டுப்பட மாட்டார் என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. கட்டணம் வசூலிப்பது, கட்டடத்தை நிர்வகிப்பது, சட்டமன்றத்தோடு பேசுவது எல்லாம் நிர்வாகியின் வேலை. அந்த வேலையில் நல்ல பெயரும் சுமுகமும் வேண்டும். வழக்குப் போடுகிறவருக்கு அந்தக் கவலை இருக்கக்கூடாது.

ஏட்டில் இவ்வளவு பாதுகாப்பு இருந்தும் ஜிரார்டி தப்பியது எப்படி? 2023ல் வெளியான விசாரணை அறிக்கை ஒன்று இதற்குப் பதில் தந்தது. அதை எழுதியது ஸ்டேட் பாரே அமர்த்திய வெளி வழக்கறிஞர் நிறுவனம். அமைப்பின் எல்லா மட்டங்களிலும் ஜிரார்டிக்குத் தொடர்புகள் இருந்தன, பரிசுகளும் விருந்துகளும் பயணங்களும் ஊழியர்களுக்குப் போயின, அந்தச் செல்வாக்கு புகார்கள் கையாளப்பட்ட விதத்தைப் பாதித்தது என்று அந்த அறிக்கை சொன்னது. படிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது. ஏனென்றால் அந்தக் கோப்பு ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். 2010ல் சான் ப்ரூனோ நகரில் எரிவாயுக் குழாய் வெடித்ததில் தீக்காயப்பட்ட ஒருவருக்கு 5.3 கோடி டாலர் சமரசத் தொகை கிடைத்தது. ஜிரார்டி அவரிடம் சொன்ன தொகை 72.5 லட்சம்.

பரிசும் விருந்தும் மட்டும்தான் காரணம் என்று விட்டுவிட்டால் பாதிக் கதைதான் சொன்னதாகும். காசு வாங்காத, நேர்மையான அலுவலகத்திலும் கோப்புகள் தவறாக மூடப்படும். அதற்கு இன்னொரு காரணம் எண்ணிக்கை.

புகார் வந்து ஆறு மாதத்துக்குள், சிக்கலானது என்றால் ஓராண்டுக்குள், ஒரு முடிவு எடுத்திருக்க வேண்டும் என்று சட்டம் இலக்கு வைத்திருக்கிறது. அந்தக் காலத்தைத் தாண்டியவை தேக்கம் என்று கணக்கில் ஏறும். ஆண்டறிக்கையில் அந்த எண் வரும், சட்டமன்றம் கேள்வி கேட்கும். 2010ல் 5,174 கோப்புகள் தேங்கியிருந்தன. அடுத்த ஆண்டே அது 1,742 ஆகக் குறைந்தது. பார்த்தால் பெரிய சாதனை. ஆனால் 2012ல் மாநில உச்ச நீதிமன்றம், ஒப்பந்தத்தில் முடித்து அனுப்பப்பட்ட 27 வழக்குகளை, தண்டனை போதுமா என்று மறுபடி பாருங்கள் என்று திருப்பி அனுப்பியது. மறுபடி பார்த்ததில் 21 வழக்குகளில் தண்டனை கூடியது. அவற்றில் ஐந்து பேர் உரிமத்தையே இழந்தார்கள். மாநிலத் தணிக்கையாளரின் 2015ஆம் ஆண்டு அறிக்கை இதை விரிவாக எழுதி, வேகமாக முடிக்கும் அவசரத்தில் மக்கள் பாதுகாப்பு விடுபட்டுப் போனது என்றது.

ஒரு கோப்பை மூட ஒரு கடிதம் போதும். நடத்த வேண்டும் என்றால் வங்கிக் கணக்குகளைக் கேட்டு வாங்க வேண்டும், வரிசையாகச் சரிபார்க்க வேண்டும், சாட்சியைத் தேட வேண்டும். நிரூபிக்க வேண்டிய அளவும் சாதாரண சிவில் வழக்கைவிட அதிகம், தெளிவான, உறுதியாக நம்பவைக்கும் சாட்சியம் வேண்டும். எதிரே பணம் படைத்தவர் என்றால் அவருக்கு நான்கு வழக்கறிஞர்கள் இருப்பார்கள். ஆண்டு முடிவில் எண்ணிக்கை காட்ட வேண்டிய ஒரு விசாரணையாளர் எந்தக் கோப்பை முதலில் எடுப்பார் என்று யோசித்துப் பாருங்கள். சிறிய கோப்பு, தனியாக அலுவலகம் வைத்திருக்கும் வழக்கறிஞர், பதில் எழுதவே ஆள் இல்லாதவர். அதுதான் சீக்கிரம் முடியும்.

இது வெறும் ஊகம் இல்லை என்பதற்கு 2019ல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்லலாம். ஸ்டேட் பார் கேட்டுக்கொண்டதால் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்துப் பேராசிரியர் ஜார்ஜ் ஃபார்க்கஸ் அதைச் செய்தார். 1990க்கும் 2009க்கும் இடையே உரிமம் பெற்றவர்களில், நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கப்பட்ட கறுப்பின ஆண் வழக்கறிஞர்கள் 3.2 சதவீதம், வெள்ளை ஆண்கள் 0.9 சதவீதம். இடைவெளிக்கான பெரிய காரணங்களாகத் தெரிந்தவை இரண்டு: அவர்கள் மேல் முன்பே வந்திருந்த புகார்களின் எண்ணிக்கை, விசாரணையின்போது தனக்கென்று ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளாதது. எளிய கட்சிக்காரர்களுக்காகத் தனியாக உழைக்கிற வழக்கறிஞர் மேல் புகார் அதிகம் வரும். பெரிய நிறுவனங்களுக்காக வேலை பார்ப்பவர் மேல் அவ்வளவாக வராது.

இதைத் தொடர்ந்து வந்த பரிந்துரைகளில் ஒன்று, மூடப்பட்ட பழைய புகார்களைப் புதிய புகாரை எடைபோடும்போது கணக்கில் சேர்க்காதீர்கள் என்பது. நியாயமாகத்தான் படுகிறது. ஒருவர் மேல் பத்துப் புகார் வந்து பத்தும் ஆதாரமில்லை என்று மூடப்பட்டிருந்தால், பதினோராவதில் அந்தப் பத்தை அவர் தலையில் ஏற்றுவது சரியா? ஆனால் ஜிரார்டியின் கதை இதற்கு நேர் எதிராகப் பேசுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் கணக்கில் ஏதோ தாமதம் என்று தோன்றலாம், நூற்றைச் சேர்த்து வைத்தால்தான் அது திருட்டு என்று தெரியும். 2022 ஏப்ரலில் மாநிலத் தணிக்கையாளர் வெளியிட்ட அறிக்கையும் இதையே காட்டியது. பெயர் சொல்லாத ஒரு வழக்கறிஞர் மேல் ஏழு ஆண்டுகளில் 165 புகார்கள். பலவற்றை எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிட்டார்கள், பலவற்றுக்கு ரகசியக் கடிதம் எழுதி மூடினார்கள். அவர் மேல் எந்த ஒழுங்கு நடவடிக்கையும் இல்லை, உரிமம் நடப்பில் இருந்தது.

இந்த இரண்டில் எது சரி என்று விதிப் புத்தகம் எழுதித் தீர்த்துவிட முடியாது என்றுதான் நினைக்கிறேன். எந்தப் பழைய கோப்பு முன்முடிவு, எந்தப் பழைய கோப்பு தடயம் என்று பிரித்துப் பார்ப்பது அனுபவமும் நிதானமும் உள்ள ஒருவரின் வேலை. அதனால்தான் அந்த நாற்காலியில் யார் இருக்கிறார் என்பது இவ்வளவு முக்கியமாகிறது. சொல்ல வருத்தமாக இருக்கிறது, அந்த நாற்காலி நெடுங்காலம் உறுதியாக நிரப்பப்படாமலே கிடந்தது. அந்தப் பதவியில் இருந்த ஜெய்ன் கிம் 2016ல் விலகிய பிறகு செனட் ஒப்புதல் பெற்ற ஒருவர் அதில் அமரவே பல ஆண்டுகள் ஆயின. இடைக்காலப் பொறுப்பாளர்கள் நடத்தினார்கள். ஜிரார்டி சரிந்த நாட்களும் அதற்குள்தான் அடக்கம். இடைக்காலத்தில் இருப்பவர் எவ்வளவு திறமைசாலி ஆனாலும், ஊரே வணங்கும் ஒருவர் மேல் கைவைக்க நான்கு ஆண்டு உறுதி உள்ளவருக்கு இருக்கும் துணிவு அவருக்கும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. 2021ல் ஜார்ஜ் கார்டோனா நியமிக்கப்பட்டார். லாஸ் ஏஞ்சலஸை உள்ளடக்கிய மத்திய மாவட்டத்தில் கூட்டாட்சி அரசுத் தரப்பின் தலைமைப் பொறுப்பைத் தற்காலிகமாக வகித்த அனுபவம் உள்ளவர்.

அவர் காலத்தில் நடந்த ஒரு வழக்கு, இந்தப் பதவியின் இன்னொரு முனையைக் காட்டியது. 2020 அதிபர் தேர்தல் முடிவை மாற்ற டிரம்ப் தரப்புக்குச் சட்ட யோசனை சொன்ன ஜான் ஈஸ்ட்மன் கலிஃபோர்னியா உரிமம் பெற்றவர். 2023 ஜனவரியில் அவர் மேல் 11 குற்றச்சாட்டுகள் தாக்கல் செய்யப்பட்டன. நீண்ட விசாரணைக்குப் பிறகு 2024 மார்ச்சில் நீதிபதி யுவெட் ரோலண்ட் 10 குற்றச்சாட்டுகள் நிரூபணமாயின என்று கூறி, உரிமத்தைப் பறிக்கப் பரிந்துரைத்தார். 2025 ஜூனில் மூவர் அமர்வும் அதை உறுதி செய்தது. இதை அரசியல் பழிவாங்கல் என்று ஒரு தரப்பு சொன்னது, கடமை என்று மறுதரப்பு சொன்னது. நான் கவனித்தது வேறு. ஒருவேளை ஈஸ்ட்மன் கோப்பைச் சத்தமில்லாமல் மூடியிருந்தால் இந்த விவாதமே நடந்திருக்காது. தாக்கல் செய்ததால்தான் இரு தரப்பும் சாட்சி சொல்லி, குறுக்கு விசாரணை நடந்து, காரணங்களோடு எழுதிய தீர்ப்பு எல்லோரும் படிக்கக் கிடைத்தது. வழக்குப் போடும் முடிவை மூன்று படிகள் சரிபார்க்கின்றன. போடாமல் விடும் முடிவை?

அதற்கும் ஒரு வழி இருக்கத்தான் செய்கிறது. கோப்பை மூடினால், புகார் கொடுத்தவர் இரண்டாம் பார்வை கேட்கலாம். அதைப் பார்ப்பது தலைமை ஒழுங்கு வழக்கறிஞரின் அலுவலகம் அல்ல, ஸ்டேட் பாரின் பொதுச் சட்ட அலுவலகத்தில் உள்ள வேறு பிரிவு. அதுவும் மறுத்தால் மாநில உச்ச நீதிமன்றத்தில் மனுப் போடலாம். 1948ஆம் ஆண்டு வழக்கு ஒன்றின் பெயரால் அதை வாக்கர் மனு என்கிறார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள், தன் வழக்கறிஞரிடமே பணத்தைப் பறிகொடுத்தவர்களில், இன்னொரு வழக்கறிஞரைத் தேடி, உச்ச நீதிமன்றத்துக்கு மனு எழுத எத்தனை பேரால் முடியும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், பணம். இந்த அலுவலகம் நடப்பது வழக்கறிஞர்கள் ஆண்டுதோறும் கட்டும் உரிமக் கட்டணத்தில். அந்தக் கட்டணத்துக்குச் சட்டமன்றம் அனுமதி தர வேண்டும். 1997ல் ஆளுநர் பீட் வில்சன் அந்த மசோதாவைத் தடுத்தார். ஒழுங்கு நடவடிக்கை கிட்டத்தட்ட நின்றே போனது, ஊழியர்களில் பெரும்பகுதியினர் வேலை இழந்தார்கள். 1998 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தானே தலையிட்டு, தலைக்கு 173 டாலர் கட்டும்படி ஆணையிட்டுத்தான் அலுவலகத்தை மீண்டும் ஓடவைத்தது. புகார்களோ அதற்காக ஒரு நாளும் நிற்கவில்லை.

ஜிரார்டிக்குப் பிறகு சில மாறின. 2022 டிசம்பரிலிருந்து, கட்சிக்காரர் பணம் வைத்திருக்கும் வங்கிக் கணக்குகளை ஒவ்வொரு வழக்கறிஞரும் ஆண்டுதோறும் பதிவு செய்ய வேண்டும், விதிப்படி கணக்கு வைத்திருக்கிறோமா என்று தானே சரிபார்த்து அறிக்கையும் தர வேண்டும். முன்பு புகார் வந்தால்தான் கணக்கு பற்றித் தெரியும், இப்போது எந்த வங்கியில் எந்தக் கணக்கு என்பதாவது முன்கூட்டியே தெரியும். நல்ல மாற்றம்தான். ஆனால் தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளச் சொன்னால், திருட நினைக்கிறவர் எல்லாம் சரி என்றுதான் எழுதிக் கொடுப்பார். அந்தக் காகிதத்தையும் வங்கிக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆள் வேண்டும்.

ஜிரார்டியின் உரிமத்தை மாநில உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில் பறித்தது. 2024 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸ் நடுவர் குழு அவரை நான்கு மோசடிக் குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்றது. 2025 ஜூன் 3 அன்று, அவருடைய 86ஆம் பிறந்தநாளில், ஏழு ஆண்டு மூன்று மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கறிஞரிடம் பணத்தை இழந்தவர்களுக்காக ஸ்டேட் பார் ஓர் ஈட்டு நிதி வைத்திருக்கிறது, அதுவும் வழக்கறிஞர்களின் கட்டணத்திலிருந்து வருவதுதான். எவ்வளவு பெரிய தொகை போயிருந்தாலும், ஒரு விண்ணப்பத்துக்கு அந்த நிதி தரக்கூடிய உச்ச வரம்பு ஒரு லட்சம் டாலர்.